பதினேழு ஆண்டுகளும் சில நொடிகளும்

2016 ஆகஸ்ட் 14. ரியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான வால்ட் இறுதிச் சுற்று. இந்தியாவில் அப்போது நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் சர்க்கஸ் என்று நினைத்திருந்த வீடுகளில்கூட அன்று தொலைக்காட்சி அணையவில்லை. திரிபுராவின் அகர்தலாவிலிருந்து வந்திருந்த தீபா கர்மாகர் ஓடிவந்தார், மேசையில் கை ஊன்றினார், காற்றில் இரண்டு முறை முன்பக்கமாகச் சுருண்டு இறங்கினார். இறங்கிய வேகத்தில் உடல் தாழ்ந்து, உட்கார்ந்தே விடுவாரோ என்று தோன்றியது. எழுந்து நின்றுவிட்டார். இரண்டு தாவல்களின் சராசரி 15.066. வெறும் 0.150 புள்ளியில் வெண்கலம் கைநழுவியது.

அந்தத் தாவலுக்குப் புரொடுனோவா என்று பெயர். சுழன்று வரும்போது தரை எங்கே இருக்கிறது என்பதைக் கண் பார்த்து உறுதிசெய்ய அவகாசம் கிடைக்காது. உடலின் கணக்கை நம்பித்தான் காலை ஊன்றவேண்டும். கரணம் தப்பினால் மரணம் என்ற பழமொழி அதற்கு அப்படியே பொருந்தும். மறுநாள் நாடு முழுக்க அந்தச் சில நொடிகளைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது. தீபா பயிற்சிக்கூடத்தில் முதன்முதலாகக் கால் வைத்தபோது அவருக்கு வயது 6; பாதம் தட்டையாக இருந்தது. ஜிம்னாஸ்டிக்ஸுக்குத் தட்டைப் பாதம் ஒரு குறை. அதைச் சரிசெய்வதற்கே பயிற்சியாளர் பிஸ்வேஷ்வர் நந்தியும் அவரும் நீண்ட காலம் உழைத்தார்கள். அந்தச் சிறுமி ரியோ மேடைக்கு வந்து சேர 17 ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளைப் படமெடுத்து யாரும் திரும்பத் திரும்பப் போடவில்லை.

குழந்தையை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் அம்மா, அப்பாக்களின் மனத்தில் பதிவது அந்தச் சில நொடிகள்தாம். ஆசை வருவதும் அதனால், பயம் வருவதும் அதனால். இரண்டுக்குமே காரணம் உண்டு. ஆனால் ஆசைப்படவேண்டிய இடமும் பயப்படவேண்டிய இடமும் பெரும்பாலோர் நினைக்கும் இடத்தில் இல்லை.

முதலில் ஆசைக்குரியதைப் பார்க்கலாம். ஒரு தலைமுறைக்கு முன்பு கிராமத்துப் பிள்ளைகள் ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற பெயர் தெரியாமலே அதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆலம் விழுதில் தொங்கினார்கள். புளியமரத்தில் ஏறிக் கிளைவிட்டுக் கிளை தாவினார்கள். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகி, அடுத்த கோடையில் மோட்டார் ரூம் கூரையிலிருந்து பல்டி அடித்தார்கள். தொங்குதல், தாவுதல், உருளுதல், தலைகீழாதல் ஆகிய நான்கும் மனித உடல் வளரும்போது கேட்கிற அசைவுகள். இன்று அடுக்ககத்தில் வளரும் பிள்ளைக்கு விழுதும் இல்லை, கிணறும் இல்லை. பள்ளி மைதானம் இருந்தால் அதில் வேன்கள் நிற்கின்றன. விட்டுப்போன அந்த அசைவுகளை மெத்தை விரித்த ஒரு கூடத்தில், வரிசையாக, ஆபத்தைக் குறைத்துத் திருப்பித் தருவதுதான் குழந்தைகளுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ்.

5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதில் பலர் கவனிக்காத இன்னொரு வரியும் உண்டு: வாரத்தில் குறைந்தது 3 நாட்கள் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும். ஓட்டமும் கால்பந்தும் கால் எலும்புகளுக்குப் போதும். கைகளுக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. நீச்சல் நல்லது என்றாலும் தண்ணீர் உடலைத் தாங்கிவிடுவதால் எலும்பில் எடை ஏறுவதில்லை. கையை ஊன்றித் தலைகீழாக நிற்கும் குழந்தைக்கோ மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று உடலின் எடை முழுவதும் கை வழியே இறங்குகிறது. எலும்பு, தன்மீது ஏறும் சுமைக்கு ஏற்ப அடர்த்தியாகும் இயல்புடையது. சிறுவயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர்களின் எலும்பு அடர்த்தி மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக இருப்பதையும், பயிற்சியை விட்டபிறகும் அந்தப் பலனில் ஒரு பங்கு தங்குவதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாற்பது வயதைத் தாண்டியபின் எலும்புத் தேய்மானத்தோடு மல்லுக்கட்டும் பெண்கள் நிறைந்த நாட்டில், ஒரு சிறுமியின் எலும்பில் போடப்படும் இந்தச் சேமிப்பு சாதாரணமானதல்ல.

நல்ல வகுப்பில் முதலில் சொல்லித்தருவது எப்படி விழவேண்டும் என்பதைத்தான். மோவாயை நெஞ்சோடு சேர்த்து உருள்வது, இறங்கும்போது முழங்காலை மடக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது, பின்னால் சாயும்போது கையை விறைப்பாக நீட்டி ஊன்றாமல் இருப்பது. மாடிப்படியில் வழுக்கும்போதும் சைக்கிளிலிருந்து சரியும்போதும் உதவுவது இந்தப் பழக்கம்தான். இதற்குப் பதக்கம் எதுவும் கிடையாது. பத்து வகுப்புக்குப் பிறகு தானாகவே பின்கரணம் போட்டு எழுந்து நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது கரணம் மட்டும்தானா என்ற சந்தேகம் வரும்.

அடுத்து, வீட்டுக்கு வீடு கேட்கப்படும் கேள்வி: உயரம் நின்றுவிடாதா? மேடையில் நிற்கும் வீராங்கனைகள் குள்ளமாக இருப்பதைப் பார்த்து எழும் பயம் இது. உண்மை வேறு திசையில் இருக்கிறது. உடல் சிறியதாக இருந்தால் காற்றில் சுழல்வது எளிது. அதனால் உயரம் குறைந்த பிள்ளைகள் இதில் முன்னேறுகிறார்கள், நெடுநெடுவென்று வளர்பவர்கள் விலகிவிடுகிறார்கள். கூடைப்பந்து ஆடுவதால் யாரும் உயரமாவதில்லை என்பதைப் போலத்தான் இதுவும். பயிற்சி, வளர்ந்தபின் எட்டும் உயரத்தைக் குறைப்பதில்லை என்றுதான் 2013இல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பும் சொன்னது. ஆனால் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். கடுமையாகப் பயிற்சி செய்துகொண்டே வயிற்றைக் காயப்போடும் பிள்ளைக்குப் பருவமடைவது தள்ளிப்போகலாம், எலும்பும் பலவீனமாகலாம். அங்கே கெடுதல் செய்வது பட்டினி.

காயங்களைப் பற்றி மறைக்காமல் பேசவேண்டும். வளரும் எலும்பின் முனையில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கிருந்துதான், எலும்பிலேயே பலவீனமான பகுதியும் அதுதான். மணிக்கட்டின்மீது ஓயாமல் எடை ஏறினால் அந்தத் தட்டு பழுதாகும். ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு என்று மருத்துவர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். முதுகைப் பின்னோக்கி வளைக்கும் அசைவுகளை அளவுமீறிச் செய்தால் கீழ்முதுகு எலும்பில் கீறல் விழும். குதிகால் வலியும் அடிக்கடி வரும். இவற்றில் பெரும்பாலானவை ஒரே நாளில் நடக்கும் விபத்துகள் அல்ல. ஓய்வில்லாமல், ஒரே அசைவை, மாதக்கணக்கில் செய்வதால் மெல்லச் சேர்பவை. வாரத்தில் 1 அல்லது 2 நாள் முழு ஓய்வு, ஆண்டில் மாதம் மாதமாகப் பிரித்து மொத்தம் 3 மாத இடைவெளி, 15, 16 வயது வரை ஒரே விளையாட்டில் அடைத்துவைக்காமல் இருத்தல் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2016இல் வழிகாட்டியது. வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்குமேல் பயிற்சி கூடாது என்று விளையாட்டு மருத்துவர்கள் பலர் கணக்குச் சொல்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு வாரம் எட்டு மணி நேரம்.

இதைக் கேட்டதும் சில பயிற்சியாளர்கள் சிரிப்பார்கள். இது குழந்தைகளின் விளையாட்டு, பத்து வயதுக்குள் வளைக்காவிட்டால் பிறகு வளையாது என்பது அவர்கள் வாதம்.

வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஹங்கேரியின் ஆக்னெஸ் கெலெட்டி 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 4 தங்கம் வென்றபோது அவருக்கு வயது 35. அதே மெல்போர்னில் தொடங்கி மூன்று ஒலிம்பிக்குகளில் 18 பதக்கங்கள் குவித்த சோவியத் வீராங்கனை லாரிசா லாட்டினினா, 1958 உலகப் போட்டியில் வயிற்றில் பிள்ளையோடு 5 தங்கம் வென்றார். வளர்ந்த பெண்களின் விளையாட்டாகத்தான் அது இருந்தது. 1976இல் மான்ட்ரியலில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி, 14 வயதில், ஒலிம்பிக்கின் முதல் முழு 10 புள்ளியை வாங்கினார். 10.00 என்று காட்ட மதிப்பெண் பலகையில் இலக்கம் போதாமல் 1.00 என்று காட்டியது. உலகம் அந்தச் சிறுமியைக் கொண்டாடியது, கொண்டாடவேண்டியவர்தான். ஆனால் அதிலிருந்து பயிற்சியாளர்களும் அரசாங்கங்களும் கற்றுக்கொண்ட பாடம் தவறானது. சிறிய உடல், குறைந்த எடை, கேள்வி கேட்காத வயது என்று தேட ஆரம்பித்தார்கள்.

அந்த அவசரத்துக்கு விலை கொடுத்தவர்களில் எலெனா முகினாவின் கதையைப் படித்துவிட்டு அமைதியாக இருப்பது கடினம். 1978இல் உலகச் சாம்பியன். அடுத்த ஆண்டு கால் எலும்பு முறிந்தது. மாஸ்கோ ஒலிம்பிக் 1980இல் சோவியத் மண்ணிலேயே நடக்கவிருந்ததால் முழுதாகக் குணமாகும் முன்பே அவர் பயிற்சிக்குத் திரும்ப நேர்ந்தது. ஆண்களின் தரைப் பயிற்சியிலிருந்து எடுத்த, தலை தரையை நோக்கி வந்து உருண்டு முடியும் தாமஸ் சால்டோ என்ற கரணத்தைச் செய்யவேண்டியிருந்தது. பலவீனமான கால் போதிய உயரத்துக்கு உந்தித்தரவில்லை. ஜூலை 3 அன்று மின்ஸ்க்கில், ஒலிம்பிக் தொடங்க 16 நாட்கள் இருந்தபோது, மோவாய் தரையில் மோதிக் கழுத்தெலும்பு உடைந்தது. வயது 20. எஞ்சிய 26 ஆண்டுகளும் கை கால் அசையாமல் வாழ்ந்து 2006இல் இறந்தார். பெண்கள் பிரிவில் அந்தக் கரணம் பின்னர் தடைசெய்யப்பட்டது.

1988இல் டோக்கியோவில் அமெரிக்கச் சிறுமி ஜூலிசா கோமஸின் கால், வால்ட் பயிற்சியின்போது உந்துபலகையிலிருந்து நழுவியது. 15 வயது. செயலிழந்த உடலோடு மூன்று ஆண்டுகள் கிடந்து இறந்தார். உந்துபலகையைச் சுற்றி மெத்தை வளையம் வைப்பது அவர் முயன்ற வகைத் தாவலுக்கு இன்று கட்டாயம். வால்ட் குதிரை என்ற குறுகிய பழைய கருவி 2001இல் மாற்றப்பட்டு, கை ஊன்ற அகலமான மேசை வந்தது. கருவிகளை இந்த விளையாட்டால் திருத்திக்கொள்ள முடிந்திருக்கிறது. மனிதர்களைத் திருத்துவதற்கு அதிகக் காலம் பிடித்தது. எடையைக் குறைக்கவேண்டும் என்று ஒரு நடுவர் சொன்ன சொல்லைச் சுமந்துகொண்டு திரும்பிய அமெரிக்க வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிச், உணவை மறுக்கும் நோயால் 1994இல் 22 வயதில் இறந்துபோனார். பன்னாட்டுப் போட்டிக்கான குறைந்தபட்ச வயது 14 ஆக இருந்தது. 1981இல் 15 ஆகவும் 1997இல் 16 ஆகவும் உயர்ந்தது. உயர்த்தியபிறகும் அவசரம் நிற்கவில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் சீன அணியின் ஒரு வீராங்கனைக்கு உண்மையில் 14 வயதுதான் என்பது தெரியவந்து, அணியின் வெண்கலம் 2010இல் பறிக்கப்பட்டது. பெரியவர்கள் வயதைத் திருத்தி எழுதினார்கள். பதக்கத்தை இழந்து நின்றவர்கள் அந்தப் பெண்கள்.

பெற்றோர் உண்மையில் பயப்படவேண்டியது கரணத்துக்கு அல்ல. கதவு சாத்திய கூடத்துக்கு. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளிடம் பல ஆண்டுகள் பாலியல் வன்கொடுமை செய்தார். 2018 ஜனவரியில் நடந்த தண்டனை விசாரணையில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் பேசினார்கள். 40 முதல் 175 ஆண்டுவரை சிறை. சில சமயம் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே அந்தக் கொடுமை நடந்திருக்கிறது. மருத்துவர், அணி, ஒலிம்பிக் என்ற சொற்களின் கனம் அவர்கள் கண்ணை மறைத்தது. பிரிட்டனின் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி வழக்கறிஞர் ஆன் வைட் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2022இல் வந்தது. 400க்கும் மேற்பட்டோர் எழுதியனுப்பியிருந்தார்கள். தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் அனுமதி மறுத்தது, காயத்தோடு பயிற்சி செய்யவைத்தது, எல்லோர் முன்பும் எடை பார்த்து அவமானப்படுத்தியது என்று அதில் வருபவை எல்லாம் பெரிய அரங்குகளில் மட்டும் நடந்தவை அல்ல, சாதாரண ஊர்க் கிளப்புகளிலும் நடந்தவை.

நம் ஊரில் அப்படியெல்லாம் இல்லை என்று தள்ளிவிட முடியாது. குழந்தையின் காலை இரு பக்கமும் விரித்து, வலியில் அழ அழத் தோளை அமுக்குவதை இங்கேயும் பலர் ஒழுக்கம் என்றே நினைக்கிறார்கள். அடித்தால்தான் வித்தை வரும் என்ற நம்பிக்கை பாட்டு வகுப்பிலும் உண்டு, நாட்டிய வகுப்பிலும் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் வாங்கச் சான்றிதழ் தேவை என்ற நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. ஆறு வயதில் சேர்த்த பிள்ளை எட்டு வயதில் மாவட்டப் போட்டியில் ஏன் ஜெயிக்கவில்லை என்று கேட்கும் அப்பா, தன்னையறியாமல் அந்த அவசரத்தின் கூட்டாளியாகிறார்.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டுக்கு ஓர் உறவுக்காரரும் உண்டு. எண்ணெய் தடவிய மரக் கம்பத்தில் ஏறி உடலை வளைத்து நிற்கும் மல்லர் கம்பம் விழுப்புரம் வட்டாரத்தில் வேரூன்றியிருக்கிறது. பெரிய பணவசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அங்கே ஏறுகிறார்கள், தேசியப் போட்டிகளுக்குப் போகிறார்கள். அவர்களுக்குக் கம்பத்தின் கீழே தடிமனான மெத்தை கிடைக்கவேண்டும், அருகில் முதலுதவி தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும். விளையாட்டுக்கு என்று ஒதுக்கப்படும் பணம் பரிசுக் கோப்பைக்கு முன்னால் மெத்தைக்குப் போகவேண்டும் என்பதைச் சொல்லியே ஆகவேண்டியிருக்கிறது.

வகுப்பைத் தேடும்போது பெற்றோர் சுவரில் மாட்டிய பதக்கப் படங்களைப் பார்ப்பதைவிட, ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து நடப்பதைப் பார்ப்பது மேல். உட்கார இடம் தர மறுக்கும் கூடத்தில் சேர்க்கவே கூடாது; இதில் பேரம் வேண்டாம். பயிற்சியாளர் ஒருவரிடம் முப்பது பிள்ளைகள் இருந்தால் யார் எப்படி விழுகிறார்கள் என்பது அவர் கண்ணில் படாது. வலிக்கிறது என்று ஒரு குழந்தை சொன்னதும் அவர் என்ன செய்கிறார் என்று கவனித்தால் மற்ற எல்லாம் புரிந்துவிடும். தன்னைத் தொடும் விதம் சரியில்லை என்று குழந்தை வீட்டில் வந்து சொன்னால் நம்பவேண்டும். 2012இன் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் பாதுகாப்பு தருகிறது, விஷயம் தெரிந்தவர்கள் புகார் சொல்வதைக் கட்டாயமாக்குகிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098 எல்லா நேரமும் இயங்குகிறது. வகுப்புக்கே போகாமல் கைப்பேசியில் பார்த்த பின்பல்டியை மொட்டை மாடியின் சிமெண்ட் தரையில் முயலும் பிள்ளைகளுக்கு, சொல்லித்தர ஆள் இருக்கும் ஒரு வகுப்புதான் மிகப்பெரிய பாதுகாப்பு.

அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு தப்பிவிட்டதால் அணிப் போட்டியின் நடுவில் விலகினார். முகினா காலத்தில் அப்படி விலக இடமே இருந்திருக்காது. பைல்ஸைக் கோழை என்று ஏசியவர்களும் உண்டு. 2024 பாரிஸில், 27 வயதில், அவர் 3 தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினா, 46 வயதில், தன் எட்டாவது ஒலிம்பிக்கில் டோக்கியோ வந்து தாவினார். தீபா கர்மாகருக்கு 2017இல் முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சை நடந்தது. ஆனாலும் 2024இல் தாஷ்கண்டில் ஆசிய ஜிம்னாஸ்டிக்ஸ் சாம்பியன்ஷிப்பின் வால்ட் தங்கத்தை வாங்கினார். அப்போது அவருக்கு வயது 30. அதே ஆண்டு அக்டோபரில் விடைபெற்றார். பத்து வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடவேண்டும் என்ற பேச்சுக்கு இந்த மூவருமே பதில்.

சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்த மேடைக்கும் போகப்போவதில்லை. இரண்டு வருடமோ ஐந்து வருடமோ ஆடிவிட்டுக் கபடிக்கோ நாட்டியத்துக்கோ படிப்புக்கோ போய்விடுவார்கள். கட்டிய பணம் வீண் என்று வீட்டில் யாராவது முணுமுணுப்பார்கள். ரஷ்யாவின் வோல்கோகிராட் நகரத்தில் 5 வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் சேர்ந்த ஒரு சிறுமிக்கு, 15 வயதில் உயரம் கூடிப்போனாள் என்பதற்காக அதை விட்டு விலகவேண்டி வந்தது. கம்பூன்றித் தாண்டும் போட்டிக்குப் போனாள். கம்பின் நுனியில் தலைகீழாகத் தொங்கி உடலைத் திருப்பும் வித்தை, பத்து ஆண்டுகளாக அவள் பழகிவந்ததுதானே. அந்தச் சிறுமிதான் எலெனா இசின்பயேவா; 2004, 2008 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றார். 2009இல் ஜூரிச்சில் அவர் தாண்டிய 5.06 மீட்டர் உயரத்தை வேறு எந்தப் பெண்ணும் இன்னும் எட்டவில்லை.